ஓடுகிறவளின் கவுன்

…அந்தப் புத்தகங்களில் ஒருத்தியாவது துணி துவைத்திருக்கிறாளா, இல்லை, பதினொன்றையும் மனசுக்குள் முதலிலிருந்து புரட்டிப் பார்த்தாயிற்று, ஒருத்தியும் துவைக்கவில்லை, உடுத்துகிறார்கள், அவிழ்க்கிறார்கள், நாற்காலி முதுகில் எறிகிறார்கள், மழையில் தொப்பலாக நனைந்து வந்து நெருப்புக்கு முன்னால் நடுங்குகிறார்கள், அந்த ஈரத்துணி மறுநாள் எந்தக் கொடியில் காய்ந்தது, யார் பார்க்கக் காய்ந்தது என்று எழுத மட்டும் எந்த மகராசிக்கும் தோன்றவில்லை… செந்தமிழ்ச்செல்வி ஜன்னல் கட்டையில் நெற்றியை முட்டுக் கொடுத்தபடி தோட்டத்துக் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முருங்கைமரத்துக்கும் கிணற்றடிக் கம்பத்துக்கும் நடுவில் கட்டிய கொடி அது. அதில் அவளுடைய வெள்ளைக் கவுன் தனியாகத் தொங்கியது, கீழ் விளிம்பில் தண்ணீர் திரண்டு திரண்டு சொட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு முன்னால் பூட்டு. ஆளில்லாத வீடு என்று போலீஸ் நினைத்துக்கொள்வதற்காகவே மாமியார் போட்டுவிட்டுப் போன பூட்டு. ஆளில்லாத வீட்டில் ஈரத்துணி எப்படிச் சொட்டும் என்று கேட்க ஒரு போலீஸ்காரன் ரொம்பப் படித்திருக்க வேண்டியதில்லை, கண் இருந்தால் போதும்.

கைக்கு எட்டுகிற தூரம் என்று சொல்ல முடியாது, ஆனாலும் பதினைந்து எட்டு வைத்தால் போய்விடலாம், கதவு மட்டும் திறந்திருந்தால். எல்லாம் ஒரு நிமிஷத்தில் நடந்துவிட்டது. இட ஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கி இன்றோடு நான்கு நாள், கள்ளக்குறிச்சிக்கும் பஸ் இல்லை, மூங்கில்துறைப்பட்டுக்கும் பஸ் இல்லை, மில்லுக்குப் போகிற கரும்பு வண்டிகூடக் கிடையாது, ரோட்டுப் புளியமரங்களை அறுத்துக் குறுக்கே சாய்த்துவிட்டு ஆம்பிளைகள் அங்கேயே சோறாக்கித் தின்றுகொண்டு கிடந்தார்கள், அவள் புருஷன் அரங்கநாதனும் நான்கு நாளாக வீட்டுப் பக்கம் வரவில்லை. செல்வியின் அம்மா வீட்டுக்குப் போன மகள் தேவிப்ரியா பஸ் இல்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டாள். மாமியார் கொளஞ்சியம்மாள் விடிந்ததும் கரும்புக்கொல்லைக்குப் போய்விட்டாள். ஆறு வருஷத்தில் இந்த வீட்டில் இப்படி ஒரு காலைப்பொழுது வாய்த்ததில்லை, யாருமே இல்லாத ஒரு காலை… அதனால்தான் அந்தத் தைரியம். தையல் மிஷின் பெட்டிக்குள் இரண்டு மாசம் மடித்துக் கிடந்து புள்ளி புள்ளியாகப் பூஞ்சை பிடித்த கவுனை எடுத்து, சோப்புப் போட்டு, நீலம் போட்டு அலசி, கொடியில் விரித்துவிட்டு நிமிர்ந்தாள், சந்து வழியாக மாமியார் ஓடி வந்தாள், முந்தானை அவிழ்ந்தது கூடத் தெரியாமல். வண்டி ரெண்டு வந்துக்கினு இருக்குதாம்டி ஏரிக்கரையாண்ட, வூடு வூடா பூந்து அள்றானுங்களாம், நீ உள்ள போ, சத்தம் காட்டாத, பூட்டு தொங்குனா பேசாம பூடுவான். முதுகில் கை வைத்து ஒரே தள்ளு. தோட்டத்துக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது, வெளிப்பக்கம் கொண்டிச் சங்கிலி ணங் என்றது, சுற்றிக்கொண்டு ஓடுகிற காலடி, முன் கதவில் பூட்டு விழுகிற சத்தம். அந்த அவசரத்தில் மாமியார் கொடியைப் பார்த்தாளா? பார்த்திருக்க மாட்டாள். பார்த்திருந்தால் போலீஸ் வந்தால் வரட்டும் என்று நின்று கேட்டிருப்பாள்.

எதற்குப் பயப்படுகிறோம் என்று தன்னையே ஒரு முறை கேட்டுப் பார்த்தாள். போலீசுக்குத்தானே? ஆமாம், போலீசுக்கு, பக்கத்து ஊரில் கதவை உடைத்து உள்ளே போனதாகச் சொன்னார்கள், பொம்பளைகள் மட்டும் இருந்த வீடு… ஆனால் உண்மையைச் சொன்னால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று அதற்கு அடியில் இருந்தது. போலீஸ் வராமல் போய், மாமியார் முதலில் திரும்பி வந்து, அவள் கண்ணில் அது பட்டுவிட்டால்? கழுத்தில் லேஸ், மார்பில் முடிச்சுப் போட்ட ரிப்பன், கை மணிக்கட்டு வரை, நீளம் கணுக்கால் வரை. கள்ளக்குறிச்சியில் ஓவர்சீயர் பெண்டாட்டி பூப்போட்ட நைட்டியோடு வாசலில் கோலம் போட்டதைப் பார்த்துவிட்டு வந்து கொளஞ்சியம்மாள் ஒரு வாரம் சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிற மாதிரி அதையே பேசினாள். அது வெறும் நைட்டி. இதற்கு என்ன பெயர் சொல்வது, யாருக்கு, எதற்கு, எப்போது போட்டுக்கொள்ள என்று கேட்டால் என்ன சொல்வது?

கடலூர் ஹாஸ்டலில் ஆரம்பித்த வியாதி. பி.ஏ. இங்கிலீஷ் இரண்டாம் வருஷம், சேக்ஸ்பியர் கைக்கு வராதவள் அறைக்காரி தலையணைக்கடியில் இருந்த காதல் நாவலை இரண்டே ராத்திரியில் முடித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு கள்ளக்குறிச்சி பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கியவற்றோடு சேர்த்து இப்போது வைத்திருப்பது பதினொன்று, இருபது வருஷத்துப் பழசு, சிலதுக்கு முதல் பக்கமில்லை, சிலதுக்குக் கடைசிப் பக்கமில்லை, கடைசிப் பக்கம் போனால் ஒன்றும் நஷ்டமில்லை, என்ன நடக்கும் என்று தெரியும். அவளுக்குக் கதை முக்கியமே இல்லை என்று பிற்பாடு தெரிந்தது. துணிதான். பழைய காலத்துக் கதை என்றால் மெல்லிசாக ஓர் உள்சட்டை, அதன் மேல் எலும்பு வைத்துத் தைத்த கச்சை, வேலைக்காரி முதுகில் முழங்காலை ஊன்றிக் கயிற்றை இழுப்பாள், அதற்கு மேல் மூன்று பாவாடை, மூச்சு விட இடமில்லாமல்தான் அவளுகளுக்குக் காதலே வருகிறது என்று நினைத்துச் சிரித்திருக்கிறாள். நர்சு டாக்டர் கதை என்றால் நைலான், பீச் பழ நிறத்தில். பீச் பழத்தை யார் கண்டது, கொய்யாவின் உள்நிறம் என்று வைத்துக்கொண்டாள். ஆனால் மனசைப் பறிகொடுத்தது வெள்ளைக் கவுனுக்கு. பதினொன்றில் ஏழு புத்தகத்துக்கு ஒரே அட்டை, பின்னால் மலைமேல் கோட்டை மாதிரி ஒரு வீடு, அதில் ஒரே ஒரு ஜன்னலில் வெளிச்சம், முன்னால் ஒருத்தி தலைமுடி பறக்க, வெறுங்காலோடு, வெள்ளைக் கவுனைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருப்பாள். எதிலிருந்து ஓடுகிறாள் என்று தெரிய நூற்றைம்பது பக்கம் படிக்க வேண்டும். கடைசியில் அந்த வீட்டுக்காரனையே கட்டிக்கொண்டு அதே வீட்டுக்குச் சாவிக்கொத்தோடு திரும்பி வருவாள், அது செல்விக்குப் பிடிக்காது. அதே மாதிரி நடுவில் ஒரு கட்டம் எல்லாவற்றிலும் வரும், அறைக்குள் அடைபட்டவள் கதவுப் பிடியைத் திருகுவாள், உலுக்குவாள், கை கன்றிப்போகிற வரை குத்துவாள், பூட்டியிருக்கிற கதவோடு எதற்கு இந்த மல்லுக்கட்டு என்று அந்தப் பக்கத்தை மட்டும் தள்ளிவிட்டுப் படிப்பாள். ஓடுகிற இடம் வந்தால் இரண்டு முறை படிப்பாள்.

தண்ணீர் தாகமாக இருந்தது. குடம் கிணற்றடியில், அவள்தான் காலையில் அங்கே வைத்தாள். உள்பானையில் இருந்த ஒரு சொம்பு தண்ணீரையும் பயத்தில் வந்த உடனே குடித்துத் தீர்த்தாயிற்று, அது இப்போது அடிவயிற்றில் கனத்துக்கொண்டு வேறு தொல்லை கொடுக்க ஆரம்பித்திருந்தது. தோட்டத்துப் பக்கம் போக வேண்டும். எப்படிப் போவது? அந்தக் கோட்டைக்காரிகளுக்கு இந்தத் தொல்லையும் கிடையாது, மூன்று நாள் அடைத்து வைத்தாலும் கண்ணீர் மட்டும்தான் வரும்… பின்பக்கம் உள்தாழ்ப்பாளையாவது போட்டு வைக்கலாமா என்று ஒரு யோசனை வந்தது, எழுந்தும் விட்டாள், பிறகு அந்தத் தாழ்ப்பாள் போடுகிற கிறீச் சத்தம் நினைவுக்கு வந்தது, சத்தம் காட்டாதே என்று சொல்லியிருக்கிறாள் மாமியார், வெளியேதான் கொண்டி போட்டிருக்கிறதே, உள்ளே வேறு எதற்கு என்று மறுபடி ஜன்னலடியில் உட்கார்ந்துகொண்டாள். மேற்கே கல்வராயன் மலையிலிருந்து மேகம் இறங்கி வெயிலை மூடிவிட்டிருந்தது. இதற்காகவா இத்தனை பாடு, வெயில் பார்க்கட்டும் என்றுதானே விரித்தாள், இன்றைக்கென்று அது மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது.

வெயில் பார்க்கிற உள்துணி என்று இந்த ஊரில் ஒன்று உண்டா? உள்பாவாடைக்குப் பரவாயில்லை, அதற்குக் கொஞ்சம் மரியாதை உண்டு, கொடியின் ஓரத்தில் இடம் கிடைக்கும். பாடி இருக்கிறதே, அதை அலசிப் பிழிந்து, கையடக்கமாகச் சுருட்டிக்கொண்டு வந்து, கொடியில் போட்டு, அதன் மேல் ஒரு சேலையைப் போட்டு மூட வேண்டும், ஊக்கு கூட வெளியே தெரியக் கூடாது. எல்லா வீட்டிலும் அப்படித்தான், அடுத்த வீட்டுப் பாப்பாத்தி புருஷனில்லாத வீட்டிலும் அப்படித்தான் காயப் போடுகிறாள், யாருக்காக என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. சேலைக்கு அடியில் எங்கே காயும், வெந்து நாறும், ஐப்பசி மழையில் மூன்று நாளானாலும் ஈரம் போகாது, அதையே மாட்டிக்கொண்டு அடுப்பில் நின்றால் முதுகில் சொறி. ராத்திரி விளக்கணைத்த பிறகு ரவிக்கைக்குள்ளேயே கையை விட்டு அதைக் கழற்றித் தலையணைக்கடியில் சொருகுவாள், விடியும் முன்னே எழுந்து இருட்டிலேயே மாட்டிக்கொள்வாள், ஆறு வருஷம், அரங்கநாதன் அதை ஒருமுறையாவது பகலில் கண்ணால் பார்த்திருப்பானா தெரியாது. அதனால்தான் இன்று காலையில், கை தன் பாட்டுக்கு மேலே போடச் சேலையை எடுத்தபோது, வேண்டாம் என்று திருப்பி வைத்தாள். ஒரு மணி நேரம் மூடாமல் காயட்டும். அவ்வளவுதான் கேட்டாள்.

அவள் தைத்ததிலேயே அழகான துணி அது, அதைச் சொல்லாமல் எப்படி. சீதன மிஷின், ஊரில் பாதிப் பொம்பளைகளின் ரவிக்கை அவள் கையால் தைத்ததுதான், உள்பாவாடைக்கு என்று சொல்லி ஏழு மீட்டர் லாங்கிளாத் எடுத்தாள், கடைக்காரர் எத்தனை பாவாடைம்மா என்று கேட்டதற்குக் காது கேளாத மாதிரி நின்றாள். லேஸ் தேவிப்ரியாவின் சின்னதாகிப்போன கவுனிலிருந்து பிரித்தது, ரிப்பனும் அவள் சடைக்கு வாங்கியதுதான். அளவு எதுவும் புத்தகத்தில் இல்லை, தோளிலிருந்து விழுகிறது என்று எழுதியிருக்கும், காற்றில் பொங்குகிறது என்று எழுதியிருக்கும், தோளிலிருந்து விழ எத்தனை சுருக்கம், பொங்க எத்தனை சுற்றளவு என்று இவள்தான் கணக்குப் போட்டாள். தப்பாகவில்லை. மூன்று முறை போட்டுப் பார்த்தாள், மூன்றும் மத்தியானம், மிஷின் அறையைச் சாத்திக்கொண்டு, கால் மணி நேரம். இடுப்பில் கட்டு இல்லை, முதுகில் ஊக்கு இல்லை, உடம்பு முழுக்க ஒரே துணி, அதற்குள் காற்று… வயசு இருபத்தேழு, அன்றைக்குத்தான் தனக்கு முதுகு என்று ஒன்று இருப்பது தெரிந்த மாதிரி இருந்தது. ராத்திரியில் போட்டுக்கொள்ளவில்லை. அரங்கநாதன் என்ன சொல்வான்? சிரிப்பானா, திட்டுவானா, அம்மா கூடத்துல படுத்திருக்குது என்பானா? அவள் கேட்டதில்லை. கேட்டு என்ன ஆகப் போகிறது, தெரிந்ததுதானே.

நல்ல மனுஷன்தான், குறை சொல்ல முடியாது. மறியல் என்று முடிவான அன்றைக்கு மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சொன்னான், இது இன்னா எனக்கா, நான் கரும்பு வெட்டிக்கினுதான் சாவப் போறேன், நம்ம பாப்பா காலேஜிக்குப் போறப்ப நமக்குன்னு ஒரு எடம் இருக்கணும், அதுக்குதான். எத்தனை பேர் சேர்ந்து அதற்காக ரோட்டில் படுத்திருக்கிறார்கள், ஒருத்தன் இரண்டு பேர் இல்லை, ஊர் ஊராக… செல்வி தோசையைத் திருப்பிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். அப்படி ஓர் இடம் அவளுக்குக் கிடைத்திருந்தது, அவள் விட்டுவிட்டு வந்தாள். ஹாஸ்டலுக்கு வந்த அப்பா, மில்லில் எழுத்தர், செந்தமிழ்ச்செல்வி என்று பெயர் வைத்துவிட்டு மகளை இங்கிலீஷ் படிக்க அனுப்பிய மனுஷர், மரத்தடியில் நின்றுகொண்டு நல்ல எடம் வந்திருக்குதும்மா, நீ இன்னா சொல்ற என்றார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முடிவு பண்ணிவிட்டுத்தானே வந்திருப்பார், சும்மா பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்தாள். பெட்டியைக் கட்டினாள். மூன்றாம் வருஷத்துப் பாடப் புத்தகம் வாங்கி அட்டைகூடப் போட்டு வைத்திருந்தாள், அதை அறைக்காரிக்குக் கொடுத்துவிட்டு அவளுடைய காதல் நாவலை வாங்கிக்கொண்டு வந்தாள்.

பூட்ஸ் சத்தம். இல்லை, பிரமை… இல்லை, பூட்ஸ்தான். முன் வாசலில் யாரோ பூட்டைத் தூக்கி விட்டார்கள், அது கதவில் மோதியது. முன்னால பூட்டு தொங்குதுய்யா. தோட்டத்துப் பக்கம் பாரு. செல்வி ஜன்னலுக்குக் கீழே சரிந்து உட்கார்ந்தாள், பிறகு உட்கார முடியாமல் ஒரு கண்ணை மட்டும் ஜன்னலிடுக்கில் வைத்தாள். இரண்டு பேர் சந்து வழியாக உள்ளே வந்தார்கள், ஒருவர் தொப்பையும் நரைத்த மீசையுமாக, இன்னொருவன் சின்ன வயசு. இரண்டு பேரும் கை முழுக்கச் சேறு, சட்டையெல்லாம் மரத்தூள், ரோட்டு மரங்களை இழுத்துப் போட்டிருப்பார்கள். பெரியவர் நேராகக் குடத்துக்குப் போனார், சாய்த்துக் குடித்தார், அவள் தண்ணீர் அவர் மீசையில் வழிந்தது. சின்னவன் கொடியைப் பார்த்துவிட்டான். லாத்தி முனையால் கவுனின் கையைத் தூக்கினான். அண்ணே, இன்னாண்ணே இது, பேய் கட்ற துணியாட்டம். சர்ச்சு சாமியாரு போடுவாரு இல்ல, அதான், என்றார் பெரியவர். சாமியாரு மாருல ரிப்பனா கட்டுவாரு? அவன் லாத்தியால் மார்புப் பக்கத்தை ஒரு தட்டுத் தட்டினான், செல்வி தன் மார்பைக் கையால் மூடிக்கொண்டாள், ஏன் மூடிக்கொண்டாள், அவள்தான் உள்ளே சேலையோடு இருக்கிறாளே… அண்ணே, ஈரமா இருக்குதுண்ணே.

வந்துவிட்டது. இதற்குத்தான் காலையிலிருந்து காத்திருந்தாள். மூச்சை அடக்கினாள், அடிவயிற்றில் இருந்த கனம் இன்னும் கொஞ்சம் இறங்கியது, இங்கேயே இப்போதே நனைத்துக்கொண்டு விடுவோமோ என்று தொடையை இறுக்கினாள், கதவை உடைத்தால் எங்கே போவது, மிஷின் அறையில் தாழ்ப்பாள் இல்லை, பரண் மேல் ஏற ஏணி வெளியே… பெரியவர் வாயைத் துடைத்துக்கொண்டே நடந்து வந்தார். ஈரமாத்தான் இருக்கும், நாம வர்றோம்னதும் தொவச்சத அப்புடியே போட்டுட்டு ஓடிருப்பாளுங்க, எல்லா வூட்லயும் இதே கதைதான், அடுப்புல ஒல கொதிக்குது, ஆளக் காணல. அவ்வளவுதான். அதற்கு மேல் யோசிக்க அவருக்குத் தெம்பு இல்லை. கவுனின் கீழ்ப்பக்கத்தை இரண்டு கையாலும் அள்ளி எடுத்தார், உள்ளங்கைச் சேற்றை அழுத்தித் துடைத்தார், புறங்கையைத் துடைத்தார், ஈரமாக இருந்ததால் நன்றாகவே போயிற்று, பிறகு இன்னும் சுத்தமாக இருந்த இடமாகப் பார்த்து முகத்தைப் புதைத்து ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். நாலு நாளாச்சுய்யா வூட்டுக்குப் போயி, என்றார் துணிக்குள்ளிருந்து. ஏரிக்கரைப் பக்கம் வண்டி ஹாரன் அடித்தது. இரண்டு பேரும் போனார்கள்.

பிழைத்துவிட்டோம் என்று சந்தோஷம் வர வேண்டாமா, வரவில்லை, கோபம் வந்தது, அந்த மனுஷர் மேல்கூட இல்லை, அவர் களைத்துப்போன ஆள், கையில் கிடைத்த துணியில் துடைத்தார், இது கந்தலா கவுனா என்று அவருக்கு எப்படித் தெரியும். ஏழு மீட்டர் துணியும் இரண்டு மாசத்து மத்தியானங்களும் கண்ணுக்கு முன்னால் சேற்றுக் கை துடைக்கிற துணியாகிப் போக, ஒரு வார்த்தை, ஏய் அது என்னுது என்று ஒரு வார்த்தை வாயில் வரவில்லையே. வந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் தெரியும். அழுகை வந்தது, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள், அழுகிறபோதே கொடியில் பத்து விரலும் பதிந்த அந்த அழுக்கு இங்கிருந்தே தெரிந்தது. இப்போதாவது மாமியார் வருவதற்குள் அதை எடுத்துவிட வேண்டும், எப்படியாவது… வலது கையை ஜன்னல் கம்பி வழியாக நீட்டினாள், பதினைந்து எட்டு தூரத்தில் இருக்கிற கொடிக்கு, பைத்தியம் மாதிரி. தோள்பட்டை கம்பியில் அடிபட்டுச் சிவந்ததுதான் மிச்சம்.

முன் கதவில் சாவி திரும்பியது. கொளஞ்சியம்மாள் உள்ளே வந்தாள், கால் முழுக்கக் கரும்புக்கொல்லைச் சேறு, முகம் வெளுத்திருந்தது, ஆனால் கண்ணில் ஒரு தெம்பு. ஒருத்தனும் மாட்டல நம்ம தெருவுல, உன் வூட்டுக்காரன் ஆத்தத் தாண்டிட்டானாம், மலைக்கி ஏறிட்டான், மாதன் வூட்லதான் இருப்பான், அவன் கூழாவது ஊத்துவான். மாதன் வருஷா வருஷம் சாமையும் புளியும் கொண்டுவந்து கொடுக்கிற மலைக்காரன், அந்தப் பெயரைக் கேட்டதும் செல்விக்கு ஒரு பக்கம் பாரம் இறங்கியது, புருஷன் பத்திரம். மறுபக்கம், மாமியார் கால் கழுவத் தோட்டத்துப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டாள். செல்வி குறுக்கே போய் நின்றாள்.

"அத்த, அந்தப் பக்கம் கொண்டி போட்டிருக்குது. முன்னால சுத்திக்கினு நான் போய்த் தண்ணி மொண்டாரேன், நீங்க குந்துங்க."

"கொண்டியா? எவ போட்டா?"

கொளஞ்சியம்மாள் ஒரு கையால் அவளை ஒதுக்கினாள், இன்னொரு கையால் கதவைத் தள்ளினாள். அது திறந்தது. ஒரு சத்தமும் இல்லை, சங்கிலி வெளியே சும்மா தொங்கிக்கொண்டு ஆடியது.

"சாத்திட்டுத்தான போனேன்," என்றாள் மாமியார், படியிறங்கிக்கொண்டே. "முன்னால பூட்ட ஒடச்சிக்கினு எவனாவது பூந்தா நீ இந்தாண்ட ஓட வாணாமா? கரும்புக்குள்ள பூந்துட்டா எவன் புடிப்பான். கொண்டியப் போட்டு வச்சா எப்புடி ஓடுவ?"

பிறகு அவள் கொடியைப் பார்த்தாள். கிட்டே போனாள். லேஸை விரலால் தொட்டாள், தோள் சுருக்கத்தைப் பிரித்து உள்தையலைப் பார்த்தாள், சேற்றைப் பார்த்தாள். செல்வி நிலைப்படியிலேயே நின்றாள், இத்தனை நேரம் இதற்குத்தான் நடுங்கினாள், இப்போது அது நடக்கிறது, அவளுக்கு அங்கே மனசு போகவில்லை, கண் அந்தச் சங்கிலியிலேயே இருந்தது.

"யார்து இது?"

"என்துதான், அத்த."

"நீ தச்சதா? எவன் கையத் தொடச்சான் இதுல?"

"போலீசுக்காரங்க வந்தாங்க. ரெண்டு பேரு."

கொளஞ்சியம்மாள் திரும்பி அவளை மேலும் கீழும் பார்த்தாள், ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்துகொண்டு மூச்சு விட்டாள். கவுனை உருவிக் கல்லில் போட்டு, சேறு போகிற வரை கும்மினாள், முறுக்கிப் பிழிந்தாள், உதறிக் கொடியில் போட்டாள். பிறகு உள்ளே வந்து தன்னுடைய பழைய கண்டாங்கியை எடுத்துப் போய் அதன் மேல் விரித்து, நான்கு பக்கமும் இழுத்துவிட்டு, ரிப்பன் நுனி வெளியே தெரிந்ததை உள்ளே தள்ளினாள். ஒலகம் பூரா பாக்கறாப்பல போடுவியா, மேல ஒண்ணு போட்டு மூடத் தெரியாதா, புள்ள பெத்தவ. திட்டு அவ்வளவுதான். கவுனைப் பற்றித் திட்டவில்லை. சொம்பெடுத்துக் காலைக் கழுவிக்கொண்டே, இதப் போட்டுக்கினு எங்கதான் போவப் போற, என்றாள், கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் இருந்தது. செல்வி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாமியார் பாப்பாத்தி வீட்டில் என்ன ஆயிற்று என்று பார்க்கப் போன பிறகு அவள் தோட்டத்துப் பக்கம் போய்விட்டு வந்தாள், வயிறு லேசாயிற்று. திறந்தே இருந்திருக்கிறது… அந்தச் சின்னப் போலீஸ்காரன் ஒரு விரல் வைத்திருந்தால் உள்ளே வந்திருப்பான், ஆனால் அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் இருந்ததே, யாருமே வராத ஒரு மணி நேரம், பதினைந்து எட்டு, எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். ணங் என்று ஒரு சத்தம், அதை வைத்துக்கொண்டு அவளாகக் கொண்டியைப் போட்டுக்கொண்டாள். கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாளே, தோள் சிவக்கிற வரை, அந்தக் கையைக் கதவில் வைக்கவில்லையே. புத்தகத்தில் வருகிற அசடுகூட ஒரு முறை உலுக்கிப் பார்க்கிறாளே… நீ இன்னா சொல்ற என்று அப்பா கேட்டார். நிஜமாகவே கேட்டாரோ? அவள் பதில் சொல்கிற வரை காத்துக்கொண்டு நின்றாரோ, மரத்தடியில், இலையிடுக்கு வெயில் தலையில் விழ? அரங்கநாதன் மலையிலிருந்து இறங்கி வந்தால்… கொடியில் கண்டாங்கிச் சேலை அசையாமல் தொங்கியது, அதற்கடியில் கவுன் வேகத் தொடங்கியிருக்கும். செல்வி உள்ளே போனாள். கதவை இழுத்துச் சாத்தினாள், மறுபடி வெளியே சங்கிலி ணங் என்றது, அதே சத்தம்தான், கொஞ்சமும் வித்தியாசமில்லை. ஒரு விரலால் தள்ளினாள். திறந்தது. திரும்பச் சாத்திவிட்டு, உள்பக்கமாகவே, கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.